பதிலிக் குழாய்களின் கோரிக்கை மனு

நியாயப்படி பார்த்தால் செயலாளருக்கு ஏழெட்டு வருடங்களுக்கு முன்பே மாரடைப்பு வந்திருக்க வேண்டும். இதயத்துக்குச் சோறு போடும் பெரிய ரத்தக்குழாய்களில் ஒன்று அடியோடு அடைத்துப்போய், ஒரு சொட்டு ரத்தம்கூட உள்ளே போகாமல் கிடந்தது. மனிதருக்கோ ஒன்றும் ஆகவில்லை. எழுபத்தோராவது வயதில், இரண்டு மாதம் போட்டுத் தேய்ந்த செருப்பை ஏன் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாய் என்று ஒரு செருப்புக் கடைக்காரரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான், நெஞ்சின் மேல் யாரோ ஒரு மூட்டை மாவைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. அப்போதும் வாதத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

செயலாளர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. பிஸ்கட் தொழிற்சாலையின் தொழிற்சங்கத்துக்கு இருபத்துநான்கு வருடம் செயலாளராக இருந்தார். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் ஆகிறது. ஆள் ஓய்வு பெற்றார், பட்டம் ஓய்வு பெறவில்லை. தெருவில் பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டில் மனைவி 'என்னங்க' என்பார், கோபம் வந்தால் மட்டும் 'செயலாளரே' என்பார்.

தொழிற்சாலையில் அவர் நுழைந்தது பதினெட்டு வயதில், பதிலியாக. பதிலி என்றால் வராதவனுக்குப் பதிலாக வேலை பார்ப்பவன். காலையில் சங்கு ஊதுவதற்குள் வாசலில் வந்து நிற்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல், யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தது என்றால் மேற்பார்வையாளர் கையை நீட்டி, "நீ வா" என்பார். எல்லோரும் ஆரோக்கியமாக இருந்து தொலைத்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பதினோரு வருடம் அப்படி நின்றார். மாவு பிசைய, அடுப்பு வாயில் தட்டு தள்ள, டப்பாவில் அடுக்க என்று எல்லா வேலையும் தெரியும், எந்த வேலையும் சொந்தமில்லை. கல்யாணத்தன்றே ஒருவனுக்குக் கால் சுளுக்கிவிட்டது என்று ஆள் வர, மாப்பிள்ளை மதியத்துக்கு மேல் அடுப்படிக்குப் போய்விட்டார். பெண்வீட்டார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தனியாக உட்கார்ந்து பதில் சொன்னது கல்யாணப் பெண்.

வேலை நிரந்தரமானதும் சங்கத்தில் சேர்ந்தார், செயலாளரானார். அப்புறம் எந்தப் பதிலிக்கு எங்கே முள் குத்தினாலும் இவருக்கு இங்கே வலிக்கும். வீட்டிலும் அதே சட்டம்தான். மகள் வெளியூரில் போய்ப் படிக்க வேண்டும் என்று கேட்டபோது, "கோரிக்கையை எழுத்துல குடு" என்றார். அவளும் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி, எழுத்தில் கொடுத்தாள். பதினோரு நாள் பேச்சுவார்த்தை நடந்து, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் பெட்டி கட்டினாள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் மருத்துவமனையில் படுக்க வைத்திருந்தார்கள்.

ரத்தக்குழாய் டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். உள்ளே வந்தவரிடம் செயலாளர் முதலில் கேட்டது தன் நோயைப் பற்றியல்ல.

"உங்களுக்கு இங்க நிரந்தர வேலையா, ஒப்பந்தமா?"

"ஒப்பந்தம்தாங்க ஐயா. பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிப்பாங்க."

"பன்னெண்டு முடிஞ்சா உரிமை கேட்டுடுவீங்கன்னு! எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா."

"அடப்பாவிங்களா!" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து டாக்டரம்மா அவர் கட்சி.

டாக்டரம்மா கணினித் திரையைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். கறுப்புக் கறுப்பாகக் கிளை விட்டு ஓடும் குழாய்கள். அதில் ஒன்று பாதி வழியில் மொட்டையாக நின்றது.

"இதுதான் ஏழெட்டு வருஷம் முன்னாடியே அடைச்சுப்போன பெரிய குழாய். இதோட நிக்குது பாருங்க. ஆனா இதுக்குக் கீழ இருக்கிற தசைக்கு ரத்தம் போயிட்டுதான் இருக்கு. எப்படின்னா, இங்க மெலிசா நெளிநெளியா போகுதே, இதுங்க வழியா. பக்கத்துக் குழாய்லேருந்து ரத்தத்தைக் கடத்திக் கொண்டுவந்து குடுக்குது."

"யாரு இவங்க?" என்றார் செயலாளர்.

"இதெல்லாம் பொறக்கும்போதே உள்ள இருக்கும்ங்க ஐயா. சில பேருக்கு நிறைய, சில பேருக்குக் கொஞ்சம். தலைமுடியை விட மெலிசா, வேலை இல்லாம மூடிக்கிட்டுக் கிடக்கும். பெரிய குழாய் மெதுமெதுவா அடைக்க ஆரம்பிச்சா, இது திறந்து, அகலமாகி, சுவர் தடிச்சு, அதோட வேலையை எடுத்துப் பார்க்கும். உடம்பு தானே போட்டுக்கிற பைபாஸ்னு வச்சுக்கங்களேன்."

செயலாளர் எழுந்து உட்கார்ந்தார். "அதாவது, பதிலிங்க."

டாக்டரம்மாவுக்கு அந்த வார்த்தை புதிது. செயலாளர் விளக்கினார். முழுதும் கேட்டுவிட்டு டாக்டரம்மா, "ஆமா, அப்படியும் சொல்லலாம்" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைதான் அவ்வளவுக்கும் வினையாகப் போயிற்று.

"எட்டு வருஷமா இவங்கதான் ஓட்டுறாங்களா?"

"இருக்கலாம்."

"அப்போ இப்ப ஏன் வலி?"

"வயசுதாங்க ஐயா. அம்பது வயசுல அடைப்பு வந்தா இந்தச் சின்னக் குழாய்ங்க சட்டுனு விரியும், நல்லா வளர்ந்தும் குடுக்கும். வயசு ஆக ஆக சுவர் விறைச்சுப்போகும். ரத்தம் கூட வேணும், விரின்னு உள்ளேருந்து ஒரு சமிக்ஞை வரும், அது குறைஞ்சுடும். வந்தாலும் முன்ன மாதிரி விரிய முடியாது. புதுசா வளர்றதும் அபூர்வம். சும்மா உட்கார்ந்திருந்தா சமாளிச்சுடுது. மாடி ஏறினா, கோவப்பட்டா, தாங்கலை. அதான் வலி."

செயலாளர் விரல் விட்டுத் தொகுத்தார். "புது ஆள் எடுக்கிறதில்ல. இருக்கிறவங்களுக்கு வயசாச்சு. வேலைப் பளு மட்டும் அப்படியே. இது என்ன நிர்வாகம்?"

"நிர்வாகம் நீங்கதாங்க ஐயா," என்று டாக்டரம்மா சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. தன்னை நிர்வாகம் என்று ஒருவர் சொல்லக் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

அடைப்பைக் கம்பி விட்டுத் திறந்து, ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழல் ஒன்றை வைத்துவிடலாம், நாளைக்கே செய்யலாம், இந்த ஒப்புதல் படிவத்தில் ஒரு கையெழுத்து போதும் என்றார் டாக்டரம்மா. செயலாளர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை வரிவரியாகப் படித்தார்.

"பெரிய குழாய் திறந்ததும், இந்தச் சின்னவங்க என்ன ஆவாங்க?"

"அதுக்கு அப்புறம் வேலை இருக்காதுங்களே. சுருங்கிடும்."

"எவ்வளவு நாள்ல?"

"கொஞ்சம் அன்னைக்கே. மிச்சம் சில மாசத்துல."

"அன்னைக்கேவா!"

படத்தை மறுபடி போடச் சொன்னார். திரைக்கு மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பதினான்கு என்றார். டாக்டரம்மா குனிந்து பார்த்து, சொல்லும்படியாக ஒன்பதுதான் இருக்கிறது என்றார். "பதினாலு," என்று அழுத்திச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்து டப்பென்று மூடினார். பிஸ்கட் தொழிற்சாலையில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். பேச்சுவார்த்தை முறிந்தது.

பதினான்கு என்ற எண் காதில் விழுந்ததும் அவர் மனைவி பக்கத்து முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரியும் அது எந்தப் பதினான்கு என்று.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் தொழிற்சாலையின் பெரிய அடுப்பு விரிசல் விட்டது. புதிது வர நாளாகும். பின்பக்கக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு சின்ன அடுப்புகளைப் பற்றவைத்தார்கள். அந்த அனலில் நிற்க நிரந்தர ஆள் ஒருவரும் முன்வரவில்லை. பதினான்கு பதிலிகள் நின்றார்கள். தட்டைக் கையால் தள்ளி, கையால் இழுத்து, இரண்டரை வருடம் முந்நூறு குடும்பம் சாப்பிட வழி செய்தார்கள். புது அடுப்பு வந்தது. அதைப் பற்றவைக்கிற நாளன்றே பதினான்கு பேரும் தேவையில்லை என்று நிர்வாகம் ஒரு காகிதத்தை நீட்டியது. கையெழுத்துப் போடாவிட்டால் புது அடுப்பு எரியாது, முந்நூறு பேரும் வீட்டுக்கு என்றது. நான்கு நாள் மூடிய அறைக்குள் கத்திப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் செயலாளர் போட்டுவிட்டார். மறுநாள் காலை பதினான்கு பேரும் விவரம் தெரியாமல் வழக்கம்போல வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் திட்டவில்லை. ஒரு பெண் மட்டும், "எங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அந்தக் கேள்வி அவரைத் தின்றுகொண்டே இருந்தது. சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சங்கத்தின் விதியில் அந்த மாதமே எழுதிச் சேர்த்தார். பதினான்கு பேரின் பெயரும், வேலையில் சேர்ந்த தேதியும் இன்றைக்கும் தலைகீழாகச் சொல்வார்.

இப்போது சொல்லுங்கள், இந்த மனிதர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

அன்று மத்தியானமே படுத்தபடி ஒரு கோரிக்கை மனு எழுதினார். எட்டு வருட இடைவிடாத சேவையை அங்கீகரிக்க வேண்டும். புதுக் குழல் வந்தாலும் ஒரு பதிலிக் குழாய்கூடச் சுருக்கப்படக் கூடாது. வேலையை இரு தரப்புக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நர்ஸிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டார். அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரே ஒரு ரப்பர் முத்திரை, 'வெறும் வயிறு' என்று. அதையே குத்திக் கொடுத்தாள். செயலாளர் திருப்தியோடு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மருத்துவமனை சும்மா இருக்குமா? மனநல மருத்துவர் ஒருவரை அனுப்பியது. அவர் அரைமணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்து, "அவர் சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். விசாரித்தால் அவரும் ஒப்பந்தம்.

மனைவி கெஞ்சினார், அழுதார், ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து பார்த்தார். மகளுக்குப் போன் போட்டால், "எழுத்துல கேட்டுப் பாருங்கம்மா" என்று அவளும் அழுதாள். டாக்டரம்மா மனைவியைத் தனியே கூப்பிட்டு, இன்னொரு குழாயிலும் பாதி அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, சின்னக் குழாய்களுக்கு ரத்தம் வருவதே அந்த வழியாகத்தான், அதுவும் நின்றால் ஒட்டுமொத்தமாக எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகு அந்த அம்மாள் அழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, நேராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். பாம்பின் கால் பாம்பறியும். அவர் போனது 'பார்க்கலாம்' வீட்டுக்கு.

பார்க்கலாம் என்பது தொழிற்சாலையின் பழைய பணியாளர் அதிகாரி. எந்தக் கோரிக்கையைக் கொண்டுபோனாலும் "பார்க்கலாம்" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. இருபத்துநான்கு வருடம் செயலாளருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்தப் பதினான்கு பேர் காகிதத்தை நீட்டிய கையும் அவருடையதுதான். ஓய்வுக்குப் பிறகு எதிர்த்துப் பேச ஆளில்லாமல், காலையில் நாளிதழோடு சண்டை போட்டுவிட்டு, மீதிப் பொழுதுக்குத் தொட்டிச் செடிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் நடந்ததைச் சொன்னார். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். பார்க்கலாம் சிரிக்கவில்லை.

"மனுவோட பிரதி இருக்காம்மா?" என்றார்.

பதின்மூன்று வருடம் பீரோவில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். தோளில் தொளதொளத்தது, வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். பேருந்தில் வரும்போது அவர் மெதுவாகச் சீட்டியடித்ததை அந்த அம்மாள் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

செயலாளர் வாசலில் அந்தக் கோட்டைக் கண்டதும் தலையணையை நிமிர்த்தி வைத்தார்.

"நீங்க யார் சார்பா வந்திருக்கீங்க சார்?"

"நிர்வாகத்து சார்பா."

"எந்த நிர்வாகம்?"

"இதயம்."

"அதிகாரக் கடிதம்?"

பார்க்கலாம் எடுத்து நீட்டினார். 'என் கணவரின் இதயம் சார்பாகப் பேச இவருக்கு முழு அதிகாரம் அளிக்கிறேன்' என்று மனைவி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். செயலாளர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, உட்காருங்க" என்றார்.

சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சக்கர மேஜை நடுவே வந்தது. இந்தப் பக்கம் மருத்துவமனை அங்கியில் செயலாளர், அந்தப் பக்கம் கோட்டில் பார்க்கலாம். மனைவி நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதினார். டாக்டரம்மா தொழில்நுட்ப ஆலோசகர். பக்கத்துக் கட்டிலில் சிறுநீரகக் கல்லோடு படுத்திருந்தவர், யாரும் கேட்காமலே பார்வையாளர்.

"நீக்கம்னு ஏன் சொல்றீங்க செயலாளரே? ஓய்வுன்னு வச்சுக்கலாமே."

"எட்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஓய்வா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்."

பார்க்கலாம் கோப்பைத் திறந்தார். உள்ளே ஒரு காகிதமும் இல்லை, ஆனாலும் பார்த்தார். "அம்பத்தெட்டுக்கு மேல ஒரு நாள்கூட யாரையும் வேலை வாங்கக் கூடாதுன்னு வாசல்ல படுத்துப் போராடினது யாரு?"

"நான்தான்."

"டாக்டரம்மா, இந்தச் சின்னக் குழாய்ங்க எப்போலேருந்து உள்ள இருக்குன்னு சொன்னீங்க?"

"பொறந்ததுலேருந்துங்க."

"அப்போ அவங்களுக்கு என்ன வயசு?"

டாக்டரம்மா யோசித்தார். "ஐயாவோட வயசுதான். எழுபத்தொண்ணு."

பக்கத்துக் கட்டில் சிறுநீரகக் கல், "அப்படிப் போடு!" என்றார்.

எழுபத்தொரு வயதுக் கிழங்களை இரவும் பகலும் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அதுவரை செயலாளருக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் விடுவாரா? அடுத்த நாள் காலையும் பேச்சுவார்த்தை தொடர்ந்தது. சுருங்கினாலும் எல்லாம் அடியோடு மறைந்துவிடாது, மறுபடி தேவை வந்தால் கொஞ்சம் திறந்து கொடுக்கலாம், ஆனால் இந்த வயதில் முன்போல எதிர்பார்க்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னதை வைத்து, 'காத்திருப்போர் பட்டியல்' என்று ஒரு ஷரத்து எழுதினார்கள். தினமும் அரைமணி நேரம் நடப்பது என்று இன்னொன்று. இனி செருப்புக் கடைக்குப் போவதில்லை என்று மனைவி ஒன்றைச் செருகினார். எல்லாம் முடிந்து, தெளிவாக நகல் எடுத்து, ஒப்புதல் படிவத்தோடு சேர்த்து மேஜையில் வைத்தார்கள்.

செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கை காகிதத்துக்கு அரை விரல் மேலே வந்து நின்றுவிட்டது.

"அவங்களைக் கேட்கலையே," என்றார்.

"யாரை?"

"பதினாலு பேரையும். கேட்காம போட மாட்டேன். ஒரு தடவை போட்டேன், போதும்." பார்க்கலாம் தலையைக் குனிந்துகொண்டார்.

வேறு டாக்டராக இருந்தால் எழுந்து போயிருப்பார். டாக்டரம்மா ஆறு வருடம் பதினோரு மாதம் பதினோரு மாதமாக வாழ்ந்தவர். ஒரு தடவைகூட அவரை யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னார்:

"கேக்க ஒரு வழி இருக்குங்க ஐயா. ஓட வச்சுப் பார்க்கிற மிஷின் பழுதாக் கிடக்கு. மாடிப்படி இருக்கு. மெதுவா ஏறுங்க. பத்துப் படி. நான் கூடவே கீழ நிக்கிறேன். முடியும்னா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முடியலைன்னா சொல்லுவாங்க. சொன்ன எடத்துலயே உட்கார்ந்துடணும்."

பொதுக்குழு அப்படித்தான் கூடியது. மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டு, சுவரில் பச்சை வண்ணம், ஓரத்தில் ஒரு பழைய துடைப்பம். கீழே டாக்டரம்மா நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையோடு, நர்ஸ் சக்கர நாற்காலியோடு, பார்க்கலாம் கோப்போடு. செயலாளர் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தார். மற்றக் கையை மனைவி பிடித்துக்கொண்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று. "தோழர்களே," என்றார் செயலாளர், தன் நெஞ்சைப் பார்த்து. "உங்களைக் கேட்காம எதுவும் செய்யப் போறதில்ல." நான்கு, ஐந்து. "தொடர்ந்து வேலை செய்யிறதா இருந்தா நான் கடைசி வரைக்கும் கூட நிப்பேன்." ஆறு.

ஏழாவது படியில் மாவு மூட்டை வந்து இறங்கியது. இடது தோள் வரைக்கும் இழுத்தது. அப்படியே உட்கார்ந்தார். டாக்டரம்மா இரண்டு எட்டில் ஏறி வந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று கீழேயிருந்து பார்க்கலாம் கத்தினார்.

செயலாளர் நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். வலி மெல்ல இறங்கியது. "முடியலைன்னு சொல்றாங்க," என்றார். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. எட்டு வருடம். அவர்களை நினைத்து இரண்டு நாளாகப் பெருமைப்பட்டாரே தவிர, உங்களுக்குக் களைப்பாக இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்கவில்லை. வாசலில் நின்ற பதிலிகளுக்கும் வேலை வேண்டும், வேலை வேண்டும் என்றுதான் கேட்டாரே ஒழிய, வேறு எதையும் அவர்களிடம் கேட்டதில்லை.

அப்போதுதான் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மனைவியும் அதே படியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வெளியே தெரியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"உனக்கும் மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

"எப்போலேருந்து?"

"மூணு வருஷமா."

"சொல்லவே இல்லையே நீ?"

"நீங்க கேக்கவே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னார். கேட் முன்னால் அவர் படுத்துக்கிடந்த நாட்களில் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனது, அவர் அம்மா மருத்துவமனையில் கிடந்த நான்கு மாதம் இரவெல்லாம் கண்விழித்தது, கூரை ஒழுகியபோது ஏணி போட்டு ஏறியது, எல்லாம் இந்த ஆள்தான். அவர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் நாற்பத்துநான்கு வருடமாக இந்த ஆள் நின்றிருக்கிறது. செயலாளர் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கி வந்ததும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே படிவத்தை வாங்கி, கண்ணாடி போடாமல், ஒரு வரி படிக்காமல், கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்குக் காலையில முதல் ஆளா எடுத்துக்கிறேங்க ஐயா," என்றார் டாக்டரம்மா.

"நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன். இன்னைக்கு இவளைப் பாருங்க."

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்," என்றார் மனைவி.

"அவ அப்படித்தான் சொல்லுவா டாக்டரம்மா. நீங்க பாருங்க."

உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். திரை இழுக்கப்பட்டது. நோயாளியின் உறவினர்கள் உட்காரும் நாற்காலி வரிசையில், அங்கியோடு, மனைவியின் பையையும் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு செயலாளர் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்கலாம் கோட்டைக் கழற்றி மடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். "வீட்டம்மாவுக்கு என்ன வயசுங்க?"

செயலாளர் யோசித்தார்.

"பிபி, சர்க்கரை ஏதாவது இருக்கா? என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? வேற ஏதாவது தொந்தரவு சொல்லியிருக்காங்களா?"

பதினான்கு பேர் வேலைக்குச் சேர்ந்த தேதியைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய மனிதர் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு செருப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இரும்மா, கேட்டுட்டு வரேன்," என்று திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.